மகள் அரங்குக்குள், அம்மா வாசலில்

கேள்வி: ஐயா, நாங்கள் திருச்சிக்காரர்கள். மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டில் ஆறு வருடமாக இருக்கிறோம். என் மகளுக்கு 15 வயது. தோழிகள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பாடகியின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். ஒருத்தியின் அக்கா, 21 வயதுப் பெண், கூடப் போகிறாள். என் கணவர் ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். 2017-இல் இந்த ஊரில் நடந்ததை அலுவலகத்தில் யாரோ விவரமாகச் சொன்னதிலிருந்து அவருக்கு மனசே சரியில்லை. எனக்கும் பயம்தான், ஆனால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அனுப்பினால் எந்த இடத்தில் உட்காரச் சொல்வது? ஏதாவது நடந்தால் என்ன செய்யச் சொல்வது? நான் எப்படியும் நிகழ்ச்சி முடிய ஒரு மணி நேரம் முன்பே போய் அரங்க வாசலிலேயே நின்றுகொள்வேன். அனுப்பலாமா, வேண்டாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள்.

எழுதுவது சுலபம், அனுப்புவது கஷ்டம் என்று தெரியும். எனக்கும் பெண் பிள்ளை உண்டு. ஆனால் இருபது வருடமாக இந்த நாட்டில் அரங்குப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். மஞ்சள் கோட்டு போட்டு வாசலில் டிக்கெட் கிழிக்கும் ஸ்டூவர்டாகத்தான் ஆரம்பித்தேன். எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் உள்ளே போய், தொண்டை கட்டிப்போய், சிரித்துக்கொண்டே வெளியே வருவதைப் பார்த்தவன். தாக்குதல் என்பது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். நடந்திருக்கிறது, உங்கள் ஊரிலேயே. அதற்காக ஒரு பெண்ணை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுக்கு அது அடிக்கடி நடப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி மகளைப் பற்றியது இல்லை. "அரங்க வாசலிலேயே நின்றுகொள்வேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது. அதனால் உங்களிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2017 மே 22 இரவு. மான்செஸ்டர் அரினா அரங்கில் அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டேயின் நிகழ்ச்சி முடிந்து கூட்டம் வெளியேறத் தொடங்கிய நேரம். மணி 10.31. குண்டு வெடித்தது பாட்டு நடந்த அரங்குக்குள் இல்லை. அரங்கையும் விக்டோரியா ரயில் நிலையத்தையும் இணைக்கும் முகப்புக்கூடத்தில். ‘சிட்டி ரூம்’ என்று அதற்குப் பெயர். டிக்கெட் பரிசோதனை, பைப் பரிசோதனை எல்லாம் அதைத் தாண்டிய பிறகுதான். அந்தக் கூடத்துக்குள் யாரும் வரலாம். தாக்குதல்காரன் பெரிய முதுகுப்பையோடு வந்து, கேமரா எட்டாத ஒரு மூலையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளை அழைத்துப் போக வந்த பெற்றோர்கள் கூடி நின்ற இடமும் அதுதான். இறந்தவர்கள் 22 பேர். அவர்களில் பலர் பாட்டுக் கேட்க வந்தவர்கள் இல்லை, மகளுக்காகக் காத்து நின்ற அம்மா அப்பாக்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் உள்ளே இருக்கும் கூட்டத்தைவிட வெளியே, பரிசோதனைக்கு முந்தைய இடத்தில் சேரும் கூட்டத்தைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறோம். வரிசையில் நிற்பவர்கள், வாடகைக் காருக்குக் காத்திருப்பவர்கள், பிள்ளைகளைத் தேடும் பெற்றோர்கள். ஆகவே நீங்கள் வாசலில் நிற்க வேண்டாம். ஒரு மணி நேரம் முன்பே போய் நிற்கவே வேண்டாம். அரங்கிலிருந்து ஐந்து, பத்து நிமிட நடையில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இரவு திறந்திருக்கும் ஒரு கடையின் முன்பக்கமாக இருக்கலாம். முந்தின ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே ஒரு தடவை நடந்து பாருங்கள். அந்த இடத்துக்குப் போக முடியாவிட்டால் இரண்டாவது இடம் எது என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். கூட்டம் கலையும் நேரத்தில் போன் கிடைக்காது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் அம்மாவைக் கூப்பிடுவார்கள். "போன் கிடைக்காவிட்டாலும் அம்மா இங்கேதான் இருப்பாள்" என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். உங்கள் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி அவளிடம் கொடுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொந்த அம்மாவின் எண்ணே மனப்பாடம் கிடையாது.

அந்த இரவைப் பற்றி இன்னொன்று. வெடிப்பதற்குச் சுமார் கால் மணி நேரம் முன்பு, பிள்ளையை அழைத்துப் போக வந்திருந்த ஒருவர் அந்த முதுகுப்பைக்காரனைக் கவனித்தார். நேராகப் போய், பையில் என்ன என்று கேட்டார். சரியான பதில் இல்லை. உடனே அங்கிருந்த ஸ்டூவர்டிடம் சொன்னார். அந்தத் தகவல் ஒரு இளம் காவலாளி வரை போனது. அதற்கு மேல் போகவில்லை, கட்டுப்பாட்டு அறைக்கு எட்டவே இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் சாண்டர்ஸ் நடத்திய பொது விசாரணையின் அறிக்கை மூன்று தொகுதிகளாக வந்தது. முதல் தொகுதியில் இந்தக் கால் மணி நேரம் பற்றிப் படித்த இரவு நான் சாப்பிடவில்லை. சந்தேகம் வந்தும், தவறாக இருந்தால் இனவெறியன் என்று சொல்லிவிடுவார்களோ என்று தயங்கியதாக அந்த இளம் காவலாளி சாட்சி சொன்னார்.

இதை நம்மவர்களுக்கு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. "நமக்கெதுக்கு வம்பு, வெளிநாட்டில் வந்து" என்று ஒதுங்கிப் போகும் பழக்கம் நமக்குக் கொஞ்சம் அதிகம். நிறத்தையும் தாடியையும் பார்த்துச் சந்தேகப்படச் சொல்லவில்லை. அப்படிப் பார்த்தால் என்னையே பல தடவை நிறுத்தியிருக்கிறார்கள். நடத்தையைப் பாருங்கள். எல்லோரும் மேடையைப் பார்க்கும்போது கதவுகளையும் காவலர்களையும் படமெடுப்பவர், கேட்பாரற்றுக் கிடக்கும் பை, வேண்டியதில்லாத இடத்தில் வெகு நேரம் நிற்பவர். மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால் ஸ்டூவர்டிடம் சொல்லுங்கள். அவர் அசட்டையாகத் தலையாட்டினால் இன்னொருவரிடம், அல்லது போலீஸிடம் சொல்லுங்கள். ரயில் நிலையத்தில் என்றால் 61016 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். தவறான சந்தேகமாக இருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நானே எத்தனையோ பைகளைத் திறந்து ஈரத் துண்டும் வாழைப்பழமும் கண்டிருக்கிறேன்.

சரி, மகளுக்கு வருவோம்.

அவளுக்கு ஒரே ஒரு பழக்கம் கற்றுக்கொடுக்க முடியும் என்றால் இதைக் கற்றுக்கொடுங்கள்: உள்ளே போய் உட்கார்ந்ததும், தான் வந்த வழியைத் தவிர இன்னும் இரண்டு வழிகளைக் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பச்சைப் பலகையில் ஓடும் மனிதன் படம் இருக்கும். அரை நிமிட வேலை. தோழிகளுக்குள் ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொள்ளலாம், யார் முதலில் கண்டுபிடிப்பது என்று.

ஆபத்து வந்தால் மனிதர்கள் கிட்டத்தில் உள்ள கதவுக்கு ஓடுவதில்லை, தெரிந்த கதவுக்குத்தான் ஓடுகிறார்கள். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், மேடையில் விட்ட வாணத்தால் தீப்பிடித்தது. அது விபத்துதான், தாக்குதல் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். வேறு வழிகள் இருந்தும் பெரும்பாலானோர் தாங்கள் உள்ளே வந்த முன்வாசலுக்கே ஓடினார்கள். இரண்டு நிமிடத்துக்குள் அந்த வாசலில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அடைத்துக்கொண்டது. 100 பேர் இறந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2024 மார்ச் 22, மாஸ்கோவுக்கு அருகில் குரோகஸ் சிட்டி ஹால். துப்பாக்கிக்காரர்கள் சுட்டுவிட்டு அரங்குக்குத் தீயும் வைத்தார்கள். 140 பேருக்கு மேல் இறந்தார்கள். சில கதவுகள் பூட்டியிருந்ததாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். அங்கே கோட்டு வாங்கி வைக்கும் பகுதியில் பகுதி நேரமாக வேலை பார்த்த ஒரு பள்ளி மாணவன், பூட்டாத கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தவனாக இருந்ததால், கத்திக் கூப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அந்த வழியாக அனுப்பினான். அவன் வயது உங்கள் மகளின் வயதுதான். 15.

இரண்டாவது, சத்தம். 2015 நவம்பர் 13 அன்று பாரிஸில் பட்டாக்ளான் அரங்கில் சுட ஆரம்பித்தபோது பலர் அதைப் பட்டாசு என்றோ நிகழ்ச்சியின் பகுதி என்றோ நினைத்தார்கள். அங்கே இறந்தவர்கள் 90 பேர். பக்கவாட்டுச் சந்துக்குத் திறக்கும் அவசர வழியில் பலர் உயிர் தப்பினார்கள். தீபாவளி பார்த்து வளர்ந்த நமக்கு வெடிச் சத்தம் என்றால் சந்தோஷமாகத்தான் தலை திரும்பும். "என்ன அது?" என்று சுற்றியுள்ளவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த ஐந்து, பத்து நொடிகள் போனால் திரும்பி வராது. சந்தேகம் வந்தால் முதலில் எழுந்து கதவுப் பக்கம் நகரட்டும். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் திரும்பி வந்து உட்காரலாம். கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான்.

நடந்தே விட்டால் பிரிட்டிஷ் போலீஸ் சொல்வது மூன்று சொல்: ஓடு, ஒளிந்துகொள், சொல். ஓட முடிந்தால் ஓட வேண்டும். பையும் கோட்டும் கிடக்கட்டும். கூட வர மறுப்பவரைக் கூப்பிடலாம், அவருக்காக நிற்கக் கூடாது. வெளியே வந்ததும் வாசலில் நின்று படம் எடுக்கக் கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓட வழியில்லை என்றால் ஒளிந்துகொள்ள வேண்டும். பூட்டக்கூடிய அறை, கனமான செங்கல் சுவர். கண்ணாடியும் மெல்லிய பலகைத் தடுப்பும் குண்டை நிறுத்தாது. கதவுக்கு முன்னால் கிடைத்ததை எல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு, கதவை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். போனில் மணி ஒலியை மட்டும் அணைத்தால் போதாது, அதிர்வையும் அணைக்க வேண்டும். மேஜை மேல் அதிரும் போனுக்கு வெளியே வரை கேட்கும் சத்தம் உண்டு. இதனால்தான் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: செய்தியில் ஏதாவது பார்த்தால் உடனே அவளை அழைக்காதீர்கள். அவள் அழைக்கட்டும். உங்கள் கை நடுங்கும், தெரியும்.

பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும். பேசினால் ஆபத்து என்ற நிலையில் கைபேசியிலிருந்து அழைத்து, கேட்கும்போது 55 என்று அழுத்தினால் போலீஸுக்கு இணைப்பு போகும். அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்பது அதனால் மட்டும் அவர்களுக்குத் தெரிந்துவிடாது. 999-க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம், ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி, பதிலில் வரும் வழிமுறையைப் பின்பற்றினால் போதும். இன்று இரவே வீட்டில் எல்லோரும் செய்துவிடுங்கள். ஆயுதம் தாங்கிய போலீஸ் வந்தால் கைகளைக் காலியாக, அவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கத்துவார்கள், துப்பாக்கியை நீட்டுவார்கள். யார் எவர் என்று அவர்களுக்குத் தெரியாது. அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ரத்தம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படிக்க மனம் வராவிட்டாலும் படியுங்கள். மான்செஸ்டர் இரவில் தீயணைப்பு வண்டி வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிட்டி ரூமுக்குள் காயம்பட்டவர்களிடம் போன மருத்துவ உதவியாளர்கள் மூன்றே பேர். விளம்பரத் தட்டிகளிலும் இரும்புத் தடுப்புகளிலும் படுக்க வைத்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இறந்தவர்களில் ஒருவருக்குச் சரியான உதவி சீக்கிரம் கிடைத்திருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பார் என்றே விசாரணை முடிவு செய்தது. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் இடுப்பு பெல்ட்டால் அவர் காலைக் கட்டி, நெடுநேரம் கூடவே இருந்தார். ஆகவே எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: ரத்தம் பீறிட்டால் துணியை வைத்து இரண்டு கையாலும் உடல் எடையைப் போட்டு அழுத்த வேண்டும், நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கையிலோ காலிலோ என்றால், காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டை விட்டு, ரத்தம் நிற்கும் வரை இறுக்கிக் கட்ட வேண்டும். பெல்ட் மட்டும் பெரும்பாலும் போதுமான அளவு இறுகாது; அகலத் துணியைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் இறுகும். கட்டிய நேரத்தைக் குறித்துவைத்து, பிறகு அவிழ்க்காமல் விட வேண்டும். அரை நாள் முதலுதவி வகுப்பு உங்கள் ஊரிலேயே நடக்கும். மகளையும் அவள் தோழிகளையும் அனுப்பலாம், நீங்களும் போகலாம்.

எங்கே உட்காருவது என்று கேட்டீர்கள். குண்டுக்குப் பாதுகாப்பான இருக்கை என்று ஒன்று கிடையாது, அப்படி விற்றால் நம்பாதீர்கள். ஆனால் நெரிசலுக்கு உண்டு, நெரிசல்தான் நிஜமான, அடிக்கடி வரும் எமன். தென் கொரியத் தலைநகர் சோலில் 2022 அக்டோபர் 29 அன்று இடேவோன் சந்தில் 159 பேர் இறந்தது எந்தத் தாக்குதலாலும் இல்லை. கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று 41 பேர் போனதும் அப்படித்தான், அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாக்குதல் என்ற புரளி மட்டுமே போதும்: 2017 ஜூன் 3 இரவு இத்தாலியின் டூரின் நகரச் சதுக்கத்தில் பெரிய திரையில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், வெடிகுண்டு என்று பயந்து சிதறியதில் 1,500 பேருக்கு மேல் காயம். குண்டு எதுவும் இல்லை.

அதனால் நிற்கும் பகுதியில் மேடைக்கு முன்னால் உள்ள தடுப்புக் கம்பியை ஒட்டி வேண்டாம். டிக்கெட் இன்னும் மாற்ற முடிந்தால் பக்கவாட்டு வரிசையில், நடைபாதைக்கு அருகே உள்ள இருக்கை எடுங்கள். நிற்கும் பகுதிக்கு வயது வரம்பு அரங்குக்கு அரங்கு வேறுபடும், அதையும் பாருங்கள். கூட்டம் இறுகினால் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் விட வேண்டும். தள்ளுவிசையை எதிர்க்காமல், அது தளரும்போது குறுக்கே ஓரத்துக்கு நகர வேண்டும். கீழே விழுந்த போனைக் குனிந்து எடுக்கவே கூடாது. போன் போனால் போகட்டும் என்று நீங்கள் வாயைத் திறந்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மா திட்டுவாளே என்ற பயத்தில்தான் பிள்ளைகள் குனிகிறார்கள்.

பை சின்னதாக இருக்கட்டும். பல அரங்குகளில் ஏ4 தாளுக்கு மேல் பெரிய பைக்கு அனுமதி இல்லை. ஓடுவதற்கு ஏற்ற காலணி. அப்புறம், காதுக்கு வைக்கும் பஞ்சு அடைப்பான் ஒரு ஜோடி. சிரிக்காதீர்கள். அன்றிரவு அவளுக்குக் கிட்டத்தட்ட நிச்சயமாக வரக்கூடிய தீங்கு காதுக்குத்தான்.

உங்கள் கணவருக்கு ஒரு தகவல். மான்செஸ்டரில் மகன் மார்ட்டின் ஹெட்டை இழந்த தாய் ஃபிகன் மர்ரி, வருடக்கணக்கில் விடாமல் போராடியதால் 2025 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. மார்ட்டின் சட்டம் என்றே எல்லோரும் சொல்கிறோம். 200 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடங்கள் தாக்குதல் நடந்தால் எப்படி வெளியேற்றுவது, எப்படிக் கதவடைப்பது என்று முன்கூட்டியே திட்டம் வைத்திருக்க வேண்டும். 800 பேரோ அதற்கு மேலோ என்றால் கடமைகள் இன்னும் கூடும். நடைமுறைக்கு வரக் குறைந்தது இரண்டு வருட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பெரிய அரங்குகள் பல இதற்காகக் காத்திராமல் முன்பே மாறிவிட்டன.

மாறாதது நம் விழாக்கள்தான். சில வருடம் முன்பு ஒரு பள்ளி மண்டபத்தில் பொங்கல் விழாவுக்குப் போயிருந்தேன். நானூறு பேர் இருப்பார்கள். பின்பக்க அவசரக் கதவுக்கு முன்னால் மடக்கு நாற்காலிகள் ஆளுயரத்துக்கு, அதற்கு முன்னால் சாம்பார் அண்டா. எடுக்கச் சொன்னேன். "அண்ணே, பத்தே நிமிஷம், பந்தி முடிஞ்சதும் எடுத்துடறோம்" என்றார் ஒரு தம்பி. பந்தி இரண்டு மணி நேரம் நடந்தது. கடைசியில் நானும் இன்னொருவரும்தான் நாற்காலிகளை நகர்த்தினோம். அண்டாவைத் தூக்க யாரும் வரவில்லை. மகளை அரங்குக்கு அனுப்பப் பயப்படும் உங்கள் கணவர், அடுத்த சங்க விழாவில் பின்கதவு திறக்கிறதா என்று ஒரு தடவை தள்ளிப் பார்த்தால் சந்தோஷப்படுவேன்.

அவளிடம் இதையெல்லாம் உட்கார வைத்து உபதேசமாகச் சொல்லாதீர்கள். கடைக்குப் போகும்போது, சினிமாவுக்குப் போகும்போது, "இங்கே வேற வழி எங்கே இருக்கு, சொல்லு பாக்கலாம்" என்று கேளுங்கள். மூன்றாவது தடவை அவளே உங்களுக்குக் காட்டுவாள். கணவரையும் அந்த ஞாயிற்றுக்கிழமை நடைக்குக் கூட்டிப் போங்கள். எங்கே நிற்பது என்பதை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

நிகழ்ச்சி பத்தரைக்கு முடியும் என்றால் சந்திப்பு பதினொன்று என்று வையுங்கள். கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து வா என்று சொல்லாதீர்கள், அதற்காகத்தானே டிக்கெட் எடுத்திருக்கிறாள். முடிந்த பிறகு இருக்கையிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து, முதல் அலை போன பிறகு அவர்கள் வரட்டும். காரில் ஒரு டப்பா எலுமிச்சை சாதம் வைத்திருங்கள், ஐந்து பேருக்கு. உள்ளே விற்கும் பர்கர் விலைக்கு எந்தப் பிள்ளையும் வயிறாரச் சாப்பிட்டிருக்காது.